சோறு போடறியா, இல்லியா?

நமக்கு 60 வயதில் ரிட்டயர்மென்ட். மாலை, சால்வை, குரூப் போட்டோ! பந்தயத்தில் ஓடும் கிரேஹவுண்ட் நாய்க்கோ நாலைந்து வயதிலேயே சீட்டுக் கிழிந்துவிடும். 2018-ல் மக்காவ் நகரத்து நாய்ப் பந்தய மைதானத்தை இழுத்து மூடினார்கள். 500-க்கும் மேற்பட்ட கிரேஹவுண்டுகள் வேலையிழந்து நின்றன. பிராணிகள் நலச் சங்கத்தார்தான் வீடு வீடாகத் தேடிப் பிடித்து, கடல் தாண்டியெல்லாம் தத்துக் கொடுத்தார்கள்.

நம் பக்கம் அந்தப் பந்தயம் கிடையாது. ஆனால் அதற்கு ஒரு பங்காளி உண்டு. சிப்பிப்பாறை! அதே ஒல்லி உடம்பு, அதே கூர்மூக்கு, அதே அம்பு வேகம். தென்மாவட்டங்களில் முயல் விரட்டப் பழக்கிய ஜாதி. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். ஆக, இனத்துக்கே கட்டாய ஓய்வு! 2020 ஆகஸ்டில் பிரதமர் ரேடியோவில் இதன் பெயரைச் சொன்னார். நாட்டு நாய்களுக்கு மவுசு ஏறியது. மவுசுக்கு வாங்கி, ஃபிளாட்டில் கட்டிப் போட்டு, சோபாவைக் கடித்ததும் ரோட்டில் இறக்கிவிடுகிற புண்ணியவான்களும் இருக்கிறார்களே...

அப்படி இறக்கிவிடப்பட்ட ஒன்றைத்தான் சென்னைக் காப்பகம் ஒன்றிலிருந்து ஐயங்கார்குளத்துக்குக் கூட்டி வந்தேன். (சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதர் நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளுவாரே, அதே ஊர்தான்.) "காம்பவுண்டு எத்தனை அடி? பக்கத்தில் ஆடு, கோழி உண்டா? வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள்?" காப்பகத்தில் கேட்ட கேள்வியில் பாதிகூட எனக்குப் பெண் கொடுத்த மாமனார் கேட்கவில்லை! "எதிர்வீட்டில் நாலு ஆடு" என்றேன். "அப்படின்னா சங்கிலி இல்லாம வாசல் தாண்டக் கூடாது" என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

பெயர் மின்னல். ஓட்டக்கார நாய் நாள் பூரா ஓடும் என்று நினைத்தால் தப்புக் கணக்கு. ஒரு நிமிஷ வேகம், மீதி நேரம் தூக்கம். உடம்பில் கொழுப்பு கிடையாதா, கட்டாந்தரை உறுத்தும். வீட்டில் மெத்தை அதற்கு, பாய் எனக்கு. "மின்னலாம் மின்னல்! கரன்ட் போன வீடு மாதிரி கெடக்குது" என்றாள் மனைவி.

எதிர்வீட்டுப் பாட்டி கவலை வேறு. "ஏம்பா, நாய்க்கு சோறு போடறியா, இல்லியா? எலும்ப எண்ணலாம் போலகீதே!" இந்த ஜாதிக்குக் கடைசி விலா எலும்புகள் லேசாகத் தெரிவதுதான் சரியான எடை என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பாட்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுநாளிலிருந்து சாயங்காலம் கேட் இடுக்கு வழியாக ஒரு அலுமினியக் கிண்ணத்தில் தயிர் சாதம்!

மூன்றாவது வாரம் ஊரிலிருந்து வந்த மச்சான் கேட்டைத் திறந்து போட்டுவிட்டு செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். மெத்தை காலி. தெருக்கோடியில் ஒரு புழுதிக் கோடு. குளக்கரையில் பாட்டியின் ஆடுகள்.

சங்கிலியோடு ஓடினேன். ஆட்டுக்கு நஷ்டஈடு கொடுத்துவிடலாம். ஆனால் ஒரு தடவை பல் பதித்த நாயை ஊர் வைத்திருக்குமா? மறுபடி காப்பகம், மறுபடி கூண்டு. ஒரு தடவை கைவிடப்பட்டதே இன்னும் மறக்கவில்லை அதற்கு; ராத்திரி வாசலில் கார் சத்தம் கேட்டால் எழுந்து நின்று நடுங்கும்.

ஆடுகள் நாலு திசையில் சிதறின. குட்டி ஒன்று மட்டும் கால் மடங்கி விழுந்தது. மின்னலுக்கும் அதற்கும் பத்தடி இருக்கும்.

டங்... டங்... டங்!

பின்னால் பாட்டி. ஒரு கையில் அலுமினியக் கிண்ணம், இன்னொரு கையில் கரண்டி. "டேய் மின்னலு! சோறு!"

ஓட்டம் அரை வட்டம் அடித்துத் திரும்பியது. கிண்ணம் காலி, அப்போதுதான் அதற்கே தெரிந்தது. அதற்குள் சங்கிலியை மாட்டிவிட்டேன். பாட்டி குட்டியைத் தூக்கித் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? பசியிலதான் ஓடியாந்துகீது. நீ எங்க ஒழுங்கா சோறு போடற!"

இப்போது கேட்டுக்கு ஸ்பிரிங் போட்டிருக்கிறேன். காலையில் குளக்கரைப் பக்கம் நடக்கும்போது ஆடு கத்தினால் அதன் காது நிமிர்கிறது. நான் சங்கிலியைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொள்கிறேன்.