நேற்றைய நிழல்

"சாமி, நீங்களாவது அவனுக்குப் புத்தி சொல்லக் கூடாதா?" என்று கேட்டபடி ஒரு தாய் பங்கு இல்லத்துத் திண்ணையருகே வந்து நின்றார். அது கேழ்வரகு அறுவடைக் காலம். யானைகள் காட்டைவிட்டு வயல்களுக்கு இறங்கும் நாள்களாதலின், ஜவளகிரியில் மாலைத் திருப்பலிக்கு வருவோர் இருட்டுமுன் வீடு சேரவே விரைவர். இருள் கவியத் தொடங்கியும் அவர் நின்றார் என்றால், மனச்சுமை பெரிதாகத்தான் இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் தோற்ற மகன், பெங்களூரில் பணிபுரியும் தாய்மாமன் கொடுத்த விளையாட்டுக் கருவியே கதியென்று கிடக்கிறான் என்பது அவரது முறையீடு.

மறுநாள் அவ்வீட்டிற்குச் சென்றேன். அறிவுரை ஒன்றை ஆயத்தம் செய்துகொண்டே சென்றேன் என்பதை மறைப்பானேன்? பையன் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். திரையில் ஓடிக்கொண்டிருந்தது 'எஃப்-ஜீரோ எக்ஸ்' என்னும் பந்தய விளையாட்டு; நிண்டெண்டோ நிறுவனம் 1998இல் வெளியிட்டது. இருபத்தாறாம் நூற்றாண்டில் நடப்பதாகக் கற்பனை. சக்கரமில்லா ஊர்திகள் தரையைத் தொடாமல் மிதந்து பறக்கின்றன. முழுப் பந்தயத்தில் முப்பது ஊர்திகள் முட்டி மோதும். ஆனால் அவன் அதை நாடவில்லை. தனியே ஓடி நேரத்தைக் குறித்துக்கொள்ளும் முறை ஒன்று அதில் உண்டு. அதையே நாள்தோறும் ஓடினான். கூட ஓடுவது மங்கலான ஓர் உருவம் மட்டுமே.

"அது யாரப்பா?" என்றேன்.

"அது நான்தான் ஃபாதர். போன வாரத்து நான்."

அவனுடைய மிகச் சிறந்த ஓட்டத்தைக் கருவி நினைவில் வைத்து, நிழல்போல் பக்கத்தில் ஓடவிடுகிறதாம். அருகில் ஒரு நோட்டுப் புத்தகம். நாள், நேரம், தவறு என மூன்று பத்தி. 'மூன்றாம் சுற்று, இடது வளைவு, சுவரில் உரசினேன்' என்பதுபோல் பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை கணக்கு. ஆறு வாரத்தில் குறைத்தது ஏறக்குறைய நான்கு நொடி! சிரிப்பு வந்தது. ஆனால் 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி. டி. உஷா வெண்கலப் பதக்கத்தை இழந்தது நொடியின் நூறில் ஒரு பங்கால் அன்றோ என்று எண்ணிச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

விளையாட்டின் நுட்பத்தை அவனே விளக்கினான். முதல் சுற்று முடிந்தபின் ஊர்திக்குக் கூடுதல் உந்துவிசை கிடைக்கும். ஆனால் அதைப் பயன்படுத்துந்தோறும் ஊர்தியின் ஆற்றல் குறையும். சுவரில் மோதும்போது ஊர்தியைக் காப்பதும் அதே ஆற்றல்தான். அது தீர்ந்தபின் ஓர் இடி போதும், ஊர்தி வெடித்துவிடும். பாதையின் சில இடங்களில் மட்டும் இழந்த ஆற்றலை மீட்டுக்கொள்ளலாம். "வேகமும் உயிரும் ஒரே கணக்கிலிருந்துதான் போகும் ஃபாதர். வளைவில் அவசரப்பட்டால் நேரம் குறையாது, கூடும்" என்றான். நானும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். பாதையைவிட்டு வெட்டவெளியில் விழுந்தேன். ஆயத்தம் செய்த அறிவுரையும் கூடவே விழுந்தது.

அந்த நோட்டுப் புத்தகம் குருமட நாள்களை நினைவூட்டியது. புனித இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூல் 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்றது. அதில் தனி ஆன்ம ஆய்வு என்றொரு பகுதி உண்டு. திருத்த விரும்பும் ஒரே ஒரு குறையை எடுத்துக்கொண்டு, நாளுக்கு இரு கோடுகள் வரைந்து, தவறிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி இட வேண்டும். மாலையைக் காலையோடும், இன்றை நேற்றோடும், இவ்வாரத்தைச் சென்ற வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். பிறரோடு ஒப்பிடச் சொல்லவே இல்லை. நாங்களோ ஒரு மாதம் புள்ளியிட்டோம். பின்னர் ஏட்டை மூடிவிட்டோம்.

பேசிக்கொண்டிருக்கையில் பையனின் தந்தை ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து களைத்து வந்தார். ஒப்பந்தத் தொழிலாளி. மகனின் நோட்டைப் பார்த்துக் கசப்பாகச் சிரித்தார். "எனக்கும் அங்கே நொடிக் கணக்குத்தான் சாமி. ஒரு உருப்படிக்கு இத்தனை நொடி. நான் இரண்டு நொடி குறைத்தால் நாளைக்கு அதுவே எல்லாருக்கும் அளவு" என்றார். மகனுக்கு மகிழ்ச்சி தருவது தந்தைக்கு நுகமாவதை அன்று கண்டேன்.

இரவு மோட்டார் சைக்கிளில் திரும்புகையில் எனக்கும் ஒரு நேரக் கணக்கு உண்டு என்பது நினைவில் தைத்தது. ஞாயிறன்று பங்கிலும் இரு கிளைப்பங்குகளிலுமாக மூன்று திருப்பலிகள். இடையே காட்டுச் சாலை. தொடக்கத்தில் ஐந்து மணி நேரம் ஆனதை மூன்றே முக்கால் மணிக்குக் குறைத்திருந்தேன். உடன்குருக்களிடம் அதைப் பெருமையாகச் சொல்லியதும் உண்டு. எவ்வாறு குறைத்தேன்? மறையுரையைச் சுருக்கினேன், திருப்பலிக்குப்பின் வாயிலில் நிற்பதை விட்டேன். தவக்கால ஞாயிறு ஒன்றில், கண் மங்கிய மூதாட்டி ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "கொஞ்சம் உட்காருங்க சாமி" என்றார். "அடுத்த வாரம் வருகிறேன் பாட்டி" என்று கையை விடுவித்துக்கொண்டேன். புதன்கிழமை அவர் இறந்தார். என்ன சொல்ல நினைத்தார் என்பது எனக்குத் தெரியாது. அவர் வீட்டார் என்னைக் குறைகூறவில்லை. கூறியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

பையன் ஒவ்வொரு வளைவிலும் கருத்தைக் கூட்டி நேரத்தைக் குறைத்தான். நானோ கருத்தைக் குறைத்து நேரத்தைக் குறைத்தேன். திருத்தூதர் பவுல் விசுவாச வாழ்வைப் பந்தய ஓட்டமாகக் கண்டார். பிலிப்பியருக்கு எழுதுகையில் தாம் இன்னும் நிறைவு எய்தவில்லை என்றும் முன்னிருப்பதை நோக்கி விரைவதாகவும் சொன்னார். நான்காம் நூற்றாண்டின் புனித நிசா கிரகோரியார் அதிலிருந்தே, முடிவின்றி வளர்ந்துகொண்டிருப்பதுதான் மனிதருக்குரிய நிறைவு என்று கற்பித்தார். விரைவு பாவமன்று. எதை நோக்கி விரைகிறோம், வழியில் யாரை விட்டுச் செல்கிறோம் என்பதே கேள்வி.

அந்தத் தாய்க்கு என்ன சொன்னேன்? கருவியைப் பிடுங்க வேண்டாம் என்றேன். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அகுதிஸ், பதினைந்து வயதில் இறந்த சிறுவர். அவரும் இத்தகைய விளையாட்டை விரும்பியவரே. ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டார் என்பர். பையனிடம் இதைச் சொல்லி, "அந்த நோட்டில் கணக்குப் பாடத்துக்கும் மூன்று பத்தி போடு தம்பி, எங்கே உரசினாய் என்று எழுது" என்றேன். போட்டான். மறுதேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறான்.

நானும் ஒரு நோட்டு வாங்கினேன். ஞாயிறு இரவில், யாரோடு அமர்ந்தேன், யாரைக் கடந்து சென்றேன் என்று எழுதுகிறேன். பயண நேரம் மீண்டும் ஐந்து மணியைத் தாண்டிவிட்டது. சில ஞாயிறுகளில் பழைய அவசரம் திரும்பி வருகிறது; அதையும் எழுதுகிறேன். மூதாட்டியின் வீட்டைக் கடக்கையில் வண்டி தானாகவே மெதுவாகிறது. இப்போது அங்கே அவருடைய மருமகள் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறார்.