நடந்து பார்க்க ஒரு நகரம்



அரையாண்டுத் தேர்வு விடுமுறை என்றால் நம் பிள்ளைகளுக்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். பெரம்பலூர் பக்கம் அது பருத்தி வெடிக்கிற காலம். மக்காச்சோளம் ஒடிக்கிற காலம். பள்ளி மூடிய மறுநாளே பிள்ளைகள் அம்மாவோடு காட்டுக்குப் போய்விடுவார்கள். விடுமுறை என்பது அவர்களுக்குக் கூலி நாள்.

நாங்கள் நால்வர் சேர்ந்து நடத்தும் மாலை வகுப்பில் ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி இருக்கிறாள். 'நான் சென்ற சுற்றுலா' என்ற கட்டுரையை மூன்று ஆண்டுகளாக எழுதுகிறாள். மூன்று முறையும் ஊட்டிக்குப் போயிருக்கிறாள், நோட்டில் மட்டும். மலை ரயில், பூங்கா, குளிர் எல்லாம் அதில் வருகிறது. "நிசமா எங்கயாச்சும் போயிருக்கியாம்மா?" என்று கேட்டோம். "பெரியம்மா வூட்டுக்குப் போயிருக்கேன்க்கா, வேப்பந்தட்டைக்கு" என்றாள்.

அன்றைக்கே முடிவு செய்தோம். ஊட்டிக்குக் கூட்டிப்போக நம்மிடம் பணம் இல்லை. தனியார் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு புதுச்சேரிக்கும் மைசூருக்கும் கூட்டிப்போகின்றன. நாம் பேருந்தில் போய்ப் பேருந்தில் திரும்ப வேண்டும். மிச்சமெல்லாம் நடை. அப்படி நடந்தே பார்க்கக்கூடிய பழைய நகரம் ஒன்று பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது: அரியலூர் மாவட்டத்தின் கங்கைகொண்ட சோழபுரம்.

பெற்றோரிடம் கேட்கப் போனபோது எங்களுக்குத் தயக்கம்தான். ஒரு பிள்ளை ஒரு நாள் வரவில்லை என்றால் அந்த வீட்டுக்கு எவ்வளவு குறையும் என்று தெரியும். ஓர் அம்மா மட்டும் முதலில் தலையசைத்தார். "பருத்தி எங்கயும் ஓடிடாது, புள்ள போய்ட்டு வரட்டும்" என்றார். அவர் சொன்ன பிறகு மற்றவர்களும் சம்மதித்தார்கள். பத்தொன்பது பிள்ளைகள், நாங்கள் நால்வர், இரண்டு தூக்குவாளி நிறைய புளிச்சோறு.

அரியலூரில் பேருந்து மாறி ஜெயங்கொண்டம் வழியாகப் போனோம். சாலை நெடுக சிமென்ட் லாரிகள். அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலின் அடியில் கிடந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் இன்று சிமென்ட் ஆகிறது. அதே கல்லில் கடல் உயிர்களின் புதைபடிவங்களும் கிடைக்கின்றன. "அப்ப இங்க மீனெல்லாம் இருந்துச்சா?" என்று பிள்ளைகள் ஜன்னலோரம் கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றிப் பாடப்புத்தகம் சொல்வதுதான் பலருக்கும் தெரியும். முதலாம் இராசேந்திரன் 1014 முதல் 1044 வரை ஆண்டவன். அவன் படை கங்கை வரை போனது. அந்த வெற்றியின் பெயரில் 1025 வாக்கில் தஞ்சையை விட்டு இங்கே தலைநகரை அமைத்தான். ஏறத்தாழ 250 ஆண்டுகள், சோழ ஆட்சி முடியும் வரை, இதுவே தலைநகரம். இன்று அது ஒரு சிற்றூர். பெரிய கோயில் ஒன்று, சுற்றிலும் வயல், முந்திரித் தோப்பு. 2004இல் யுனெஸ்கோ இந்தக் கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் சேர்த்தது. கடந்த 2025 ஜூலையில் பிரதமர் வந்து இராசேந்திரன் நினைவு நாணயம் வெளியிட்டுப் போனார்.

கோயிலில் நுழைவுக் கட்டணம் இல்லை. புல்வெளியைப் பார்த்ததும் பிள்ளைகள் ஓடத் தொடங்கிவிட்டார்கள். பெரிய நந்தியைச் சுற்றினார்கள். சிங்கத்தின் உடலுக்குள் படி இறங்கும் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். விமானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறது என்றார்கள். நாங்களும் பார்த்தோம். அழகாகத்தான் இருக்கிறது. அதை அழகு என்று சொல்ல நமக்கு எந்தக் கூச்சமும் தேவையில்லை.

இந்த இடத்தில்தான் பதினொன்றாம் வகுப்புத் தம்பிகள் இருவருக்குள் சண்டை வந்தது. ஒருவன் சொன்னான்: "நம்ம தமிழ் ராஜாடா. கடல் தாண்டிப் போய் ஜெயிச்சவன்." இன்னொருவன் சொன்னான்: "உனக்கும் அவனுக்கும் என்னடா சம்பந்தம்? அவன் பேரைப் பைக்ல ஒட்டிக்கிட்டுதான நம்ம தெருவுல ஹார்ன் அடிச்சிட்டுப் போறானுங்க."

இருவரும் எங்களைப் பார்த்தார்கள். எங்களுக்குள்ளேயே இந்தச் சண்டை உண்டு என்பதை அவர்களிடம் மறைக்கவில்லை. எங்களில் ஒருவர், "எதுவும் நம்முடையது இல்லை என்று விட்டுக்கொடுத்தால் எல்லாவற்றையும் அவர்களே எடுத்துக்கொள்வார்கள்" என்கிறவர். இன்னொருவர், "அரண்மனையை நம்முடையது என்று சொல்ல ஆரம்பித்தால் சேரியைக் கேட்க மறந்துவிடுவோம்" என்கிறவர்.

முடிவு சொல்லாமல், கல்வெட்டில் எழுதியிருப்பதைச் சொன்னோம். இராசேந்திரனின் தந்தை முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் பொறித்த கல்வெட்டுகளில், கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக்கணக்கு இருக்கிறது. வரி போடாமல் கழிக்க வேண்டிய நிலங்கள் எவை என்று ஊர்வாரியாகப் பட்டியல் வருகிறது. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று போகும் அந்தப் பட்டியலில் 'பறைச்சேரி' வருகிறது. 'கம்மாணச்சேரி' வருகிறது. 'தீண்டாச்சேரி' என்ற சொல்லும் வருகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்லில், அரசாங்கக் கணக்கில், அந்தச் சொல். அதே கோயிலில் ஆடல் மகளிர் 400 பேரின் பெயர்கள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வளவு நுணுக்கமாக எழுதத் தெரிந்த அரசு, நிலக்கணக்கில் சேரியை எழுதும்போது அங்கே வாழ்ந்த ஒருவர் பெயரையும் எழுதவில்லை.

தம்பிகள் இருவரும் அமைதியானார்கள். நோட்டில் ஊட்டி எழுதும் தங்கைதான் கேட்டாள்: "அப்ப இந்த ஊர்ல சேரி எங்கக்கா இருந்துச்சு?"

அந்தக் கேள்வியோடுதான் மாளிகைமேட்டுக்கு நடந்தோம். கோயிலிலிருந்து தென்மேற்கே உட்கோட்டைப் பக்கம் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். சோழர் அரண்மனை இருந்த இடம் அது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1980களிலிருந்து அங்கே அகழாய்வு செய்துவருகிறது. செங்கல் சுவர்களின் அடிப்பகுதிகளும் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் சீனப் பானை ஓடுகளும் கிடைத்துள்ளன. சுற்றுவட்டாரத்தில் ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி என்று ஊர்ப்பெயர்கள். ஆயுதம் இருந்த இடம், காவலர் இருந்த இடம், சுண்ணாம்பு எடுத்த இடம் என்று பிள்ளைகளே ஒரு வரைபடம் போட்டுவிட்டார்கள்.

வழியில் ஓரிடத்தில் தண்ணீர் குடிக்க நின்றோம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் அன்பாகத்தான் பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர், எந்தப் பள்ளி என்று கேட்டார். பிறகு அந்தக் கேள்வி வந்தது. "ஊருக்குள்ளயா, காலனியா?"

2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் எழுந்து, 'காலனி' என்ற சொல் இனி அரசு ஆவணங்களில் இருக்காது என்று அறிவித்தார். வரவேற்றோம். ஆனால் டீக்கடை பெஞ்ச் அரசு ஆவணம் இல்லையே.

இந்த இடத்தில் எங்கள் தவற்றைச் சொல்ல வேண்டும். எங்களில் மூத்தவர், பதினைந்து ஆண்டுகளாக மேடையில் அம்பேத்கரைப் பேசுகிறவர், சட்டென்று "பெரம்பலூர் டவுன்ங்க" என்று சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்குத் தண்ணீர் கிடைக்க வேண்டும், தகராறு வேண்டாம் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார். மற்ற மூவரும் வாய் திறக்கவில்லை. நாங்களும் அதைத்தான் நினைத்தோம்.

அப்போது நந்தியைச் சுற்றி ஓடிய எட்டாம் வகுப்புப் பையன் சொன்னான்: "இல்லங்க தாத்தா, நாங்க அம்பேத்கர் தெரு. நீங்க எந்தத் தெரு?"

கிண்டலாகக் கேட்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுத் திருப்பிக் கேட்டான், அவ்வளவுதான். பெரியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பசங்க நல்லாப் பேசுறானுங்க" என்று எங்களிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார். கடைக்கார அம்மா குடத்திலிருந்து எல்லாருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்தார். எந்தத் தம்ளரில் கொடுக்கிறார் என்று நாங்கள் நால்வரும் பார்த்தோம். பிள்ளைகள் பார்க்கவில்லை, குடித்தார்கள். எல்லாருக்கும் ஒரே எவர்சில்வர் தம்ளர்தான்.

மீதி வழியெல்லாம் நடப்பதைப் பற்றியே பேசினோம். சுற்றுலா விளம்பரங்களில் 'நடந்தே சுற்றிப் பார்க்கலாம்' என்று எழுதுவார்கள். யார் நடக்கலாம்? கரூரில் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கொங்குப் பகுதிக் கம்மாளர்கள் இனி வீட்டு நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், வீட்டுக்குச் சாந்து பூசலாம் என்று அரசன் அனுமதி தருகிறான். கைவினைஞர்களுக்கே செருப்புப் போட அரச ஆணை வேண்டியிருந்தது என்றால், சேரியில் இருந்தவர்கள் எப்படி நடந்திருப்பார்கள்? 1924இல் வைக்கத்தில் நடந்த போராட்டம் கோயிலுக்குள் நுழைய அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்க. "எங்க தாத்தா செருப்பைக் கக்கத்துல வெச்சிக்கிட்டுதான் மேலத்தெரு தாண்டுவாராம்" என்றாள் ஒரு தங்கை. பத்தொன்பது பிள்ளைகளும் செருப்புக் காலோடு சோழன் அரண்மனை மேட்டில் நின்றார்கள்.

கடைசியாக ஏரி. இராசேந்திரன் வெட்டிய சோழகங்கம், இன்று பொன்னேரி. கங்கை நீரைக் கொண்டுவந்து ஊற்றி, நீரால் ஆன வெற்றித்தூண் என்று இதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு பெருமை பேசுகிறது. கரையில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றோம். அன்று டிசம்பர் 25. 1927 மார்ச்சில் மகாடில் பொதுக்குளத்துத் தண்ணீரை அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் அள்ளிக் குடித்ததையும், அதே ஆண்டு இதே டிசம்பர் 25இல் அங்கே மனுஸ்மிருதியை எரித்ததையும் சொன்னோம். 1968இல் இதே நாளில், கொள்ளிடத்துக்கு அப்பால், பழைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட நம் மக்கள் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டதையும் சொன்னோம். அப்படிச் சாகும்போது உங்கள் வயதுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள் என்றோம். சிலர் அழுதார்கள். சுற்றுலாவில் இதைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று திரும்பும்போது எங்களுக்குள் பேசிக்கொண்டோம். சொல்லித்தான் இருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் பிள்ளைகள் ஓடி விளையாடியிருக்க வேண்டும். அன்று இரண்டும் நடந்தது.

1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது இந்தக் கோயிலின் மதிற்சுவரை இடித்துத்தான் கல் எடுத்துப் போனார்கள். அரசனின் கல் அணையாகிவிட்டது. அந்தக் கல்லை முதலில் சுமந்தவர் யார், பிறகு பெயர்த்துச் சுமந்தவர் யார் என்பதை அடுத்த தலைமுறை தேடட்டும். "சேரி எங்கே இருந்தது" என்ற கேள்விக்கு அன்று எங்களால் விடை சொல்ல முடியவில்லை. தொல்லியல் படித்து நீயே தோண்டிக் கண்டுபிடி என்று தங்கையிடம் சொன்னோம். "அதுக்கு எந்த குரூப் எடுக்கணும்?" என்று உடனே கேட்டாள். இங்கே படிக்கிற கல்லூரித் தோழர்கள் யாராவது வந்து அவளுக்கு விளக்குங்கள்.

பொங்கல் விடுமுறை வருகிறது. உங்கள் தெருப் பிள்ளைகளைப் பக்கத்தில் இருக்கும் பழைய ஊர் ஒன்றுக்குக் கூட்டிப்போங்கள். பெரிய செலவு ஆகாது. கூலி இழக்கிற வீட்டுக்குக் கையில் இருப்பதைக் கொடுங்கள். எந்தத் தெரு என்று யாராவது கேட்டால் எங்களைப்போல் மென்று விழுங்காதீர்கள். பிள்ளையைப் பேச விடுங்கள்.

பள்ளி திறந்ததும் தங்கை நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். 'நான் சென்ற சுற்றுலா.' முதல் வரியிலேயே கங்கைகொண்ட சோழபுரம். இந்த முறை குளிர் இல்லை, மலை ரயில் இல்லை. கால் வலித்தது என்று எழுதியிருந்தாள்.

ஜெய் பீம்.