தாழ்வுபாட்டுக் கிணறுகள்

எமது கல்லூரி அன்னையின் விழா மலருக்கு யாதாயினும் எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். பழைய மாணவர் பலர் விடுதி வாழ்வையும், விளையாட்டுப் போட்டிகளையும், ஆசிரியப் பெருந்தகைகளையும் நினைந்து எழுதுவர். அவ்வினிய பணியை அவர்க்கே விடுத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகராகக் கடமையாற்றிய காலத்தில், மன்னார்த் தீவின் தென்கரையிலுள்ள தாழ்வுபாடு என்னும் மீனவர் ஊரிலே யாம் கற்ற பாடமொன்றை ஈண்டுக் கூற விழைகின்றோம். வகுப்பறையிற் கற்ற பாடங்கள் எவற்றிற்கும் அது குறைந்ததன்று.

2016ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் நாள், இலங்கை மலேரியா நீங்கிய நாடென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கிற்று. உள்நாட்டிலே தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரிற் காணப்பட்டார். ஒரு நூற்றாண்டுக் காலப் போராட்டம் வெற்றியில் முடிந்ததென நாடே மகிழ்ந்தது. அம்மகிழ்ச்சி அடங்குமுன், அதே ஆண்டு டிசெம்பரில், அதுவரை இந்நாட்டிற் காணப்படாத அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்னும் நுளம்பு மன்னார்த் தீவிலே கண்டுபிடிக்கப்பட்டது.

இந்நுளம்பு சென்னை போன்ற இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இனம். எம் நாட்டின் பழைய பகைவனாகிய அனோபிலிஸ் குலிசிபேசிஸ் ஆற்றுப் படுக்கைகளிலே தேங்கும் குட்டைகளிற் பெருகுவது. மழை பொய்த்து ஆறுகள் வற்றும்போது பல்கும். புதியதோ கிணற்றிலும் நீர்த் தொட்டியிலும் வாழ வல்லது. மன்னார்த் தீவிலே ஆறு இல்லை. ஆனால் மணலில் தோண்டிய கிணறு வளவுதோறும் உண்டு. இராமேசுவரமோ கூப்பிடு தூரத்தில் உள்ளது. அகதிகளாய்ச் சென்று மீள்வோரும் தொழில் நாடிச் சென்று வருவோரும் உள்ள கரை அது. நுளம்பு ஒரு பக்கம், நோய்க் கிருமியை உடலிற் கொண்டு வரக்கூடிய மனிதர் மறுபக்கம். இரண்டும் சந்தியாமற் காப்பதே அரசின் வேலையாயிற்று.

ஆகவே கிணறுகளைச் சோதித்தல், பாழ்ங்கிணறுகளைத் தூர்த்தல், பாவிக்கும் கிணறுகளுக்கு மூடி இடுதல், குடம்பிகளை உண்ணும் கப்பி மீன்களை விடுதல், மருந்திடுதல் ஆகிய பணிகள் தொடங்கின. அவ்வேளையில் தாழ்வுபாட்டு ஆச்சி ஒருவர் எம்மைப் பார்த்து, "தம்பி, காய்ச்சலே இல்லாத ஊரில கிணத்துக்கு என்ன காவல்?" என்று வினவினார். யாம் சான்றிதழைப் பற்றியும் நுளம்பின் இனத்தைப் பற்றியும் விரித்துரைத்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப வருத்தம் வரமுந்தியே வந்திருக்கிறீங்கள். நல்லது. வந்தாப் பிறகும் வருவீங்களோ?" என்றார். அவ்வினாவிற்கு எம்மிடம் உடனே விடை இருக்கவில்லை.

அவ்வினாவின் உண்மையை இலங்கையின் வரலாறு அறியும். 1934-35 கொள்ளை நோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1946 முதல் வீடுகளுக்கு டி.டி.ரி. தெளிக்கப்பட்டது, நோய் கதிரவன் முன் பனிபோல் மறைந்தது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். "இனி என்ன?" என்ற எண்ணம் தலைதூக்கிற்று. மருந்து தெளித்தல் நிறுத்தப்பட்டது. காய்ச்சற்காரரின் இரத்தத்தைச் சோதிக்கும் பணியும் தளர்ந்தது. ஐந்தே ஆண்டுகளின் பின், 1968-69இல், நோயாளர் தொகை இலட்சக் கணக்கில் எழுந்தது. அன்று இழந்த வெற்றியை மீண்டும் பெற 40 ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

மலேரியா புறக்கணிக்கப்பட்ட வெப்பவலய நோய்களின் பட்டியலிற் சேர்வதன்று. யானைக்கால் நோய், தொழுநோய், விசர்நாய்க்கடி நோய், பாம்புக்கடி முதலியன அப்பட்டியலில் உள்ளவை. ஆயினும் அவற்றை ஆளும் விதி ஒன்றே. யானைக்கால் நோயை எடுத்துக்கொள்வோம். அதற்கெனத் தனி இயக்கம் இந்நாட்டில் 1947இலே தொடங்கப்பட்டது. அந்நோயின் புழு மனித உடலிற் பல ஆண்டுகள் உயிர்வாழ்வது. மருந்து அதன் நுண்குஞ்சுகளையே பெரிதும் அழிக்கும். எனவே தாய்ப்புழு மூப்பெய்தும்வரை ஆண்டுதோறும் மருந்து ஊட்டிவரல் வேண்டும். 2002 முதல் 2006 வரை மேல், தென், வடமேல் மாகாணங்களின் எட்டு மாவட்டங்களில், நோயுடையார் நோயிலார் என்ற பேதமின்றி, ஆண்டிற்கொருமுறை மக்களுக்கு மாத்திரை வழங்கப்பட்டது. 2016இல் அந்நோயும் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கியதாக ஏற்கப்பட்டது. ஆனால் வீங்கிய காலுடையோர் இன்றும் உளர். அவர்களது காலைக் கழுவிப் பேணும் சிகிச்சை நிலையங்கள் இயங்குதல் வேண்டும் என்பதும் அவ்வேற்பின் பகுதியே.

தொழுநோய் 1995இலே பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவிற்குக் கீழிறங்கிற்று. ஆயினும் அதன் பின்னரும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் கண்டறியப்பட்டு வந்துள்ளனர். அவருட் சிறுவரும் அடங்குவர். இலக்கை எட்டியமை வேறு, நோய் அற்றுப்போதல் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இவ்வளவும் கூறிய யாம் எமது குறையையும் கூறல் வேண்டும். ஒரு மாரி மாதத்தில், மழைக்கு அஞ்சியும் அலுப்பினாலும், ஊரின் கடைக்கோடி வளவிலிருந்த பாழ்ங்கிணறொன்றைப் பாராமலே, பதிவேட்டில் "பார்வையிடப்பட்டது" என எழுதிக் கையொப்பமிட்டோம். அடுத்த மாதம் எட்டிப் பார்த்தபோது நீர்ப்பரப்பின்மேற் கிடைநிலையில் அனோபிலிஸ் குடம்பிகள் மிதந்தன. எம் கை நடுங்கிற்று. ஆய்வுகூடத்துக்கு அனுப்பியபின் அவை புதிய இனத்தவையல்ல என்று தெரியவந்தது. ஊர் தப்பியது, எமது கையொப்பம் தப்பவில்லை. 1963இன் பின் நாடு செய்த பிழையை ஒரு கிணற்றளவில் யாமும் செய்தோம் என்பதை அன்று உணர்ந்தோம். பெரும் பிழைகள் கொழும்பில் மட்டும் பிறப்பனவல்ல. பாராத கிணற்றைப் பார்த்ததாக எழுதும் பேனாக்கள் பல சேர்ந்தே அவை பிறக்கின்றன.

நோயுள்ளபோது பணம் ஒதுக்குதல் எந்த அரசுக்கும் எளிது. நோயாளர் வரிசையே அதற்கு வாதாடும். நோயில்லாதபோது வாதாட யாருளர்? நடவாத மரணத்தை எவரும் எண்ணிக் காட்ட முடியாது. ஆதலின் ஒழிப்பு இயக்கத்தின் அருமையான பகுதி சான்றிதழுக்குப் பின்னரே தொடங்குகின்றது. வெளிநாடு சென்று மீண்ட காய்ச்சற்காரரின் இரத்தத்தைத் தவறாது சோதித்தல், பயிற்சி பெற்ற கண்களை நுணுக்குக்காட்டியின் முன் இருத்திவைத்தல், கிணற்றை எட்டிப் பார்ப்பவனுக்குச் சம்பளம் கொடுத்தல் என்பன புகழ் தராத வேலைகள். செங்கடலோரச் சிறுநாடாகிய ஜிபூத்தியில் இதே நுளம்பு 2012இற் காணப்பட்டது. அவ்வாண்டு முப்பதையும் எட்டாதிருந்த நோயாளர் தொகை 2020இல் 70,000ஐக் கடந்தது. எம் நாட்டிலோ அந்நுளம்பு பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் காணப்பட்டது. 2018இல், வெளிநாட்டிலிருந்து வந்த நோயாளி ஒருவரிடமிருந்து உள்ளூரவர் ஒருவருக்கு நோய் தொற்றிற்று. எனினும் அது விரைவிற் கண்டறியப்பட்டமையாற் பரவவில்லை. இரு நாடுகளுக்குமிடையே வேறுபாடுகள் பலவாயினும், விழிப்பின் பயன் இதனால் விளங்கும்.

தாழ்வுபாட்டு ஆச்சி தமது கிணற்றுக்குத் தாமே மூடி அமைத்தார். பலகைச் சட்டத்தில் நுளம்பு வலையை இறுக்கித் தைத்து, "வலை போடுறது எங்களுக்குத் தெரியாத வேலையே?" என்று சிரித்தார். யாம் இடமாற்றம் பெற்றுச் செல்லுமுன் கடைசியாக அவ்வளவுக்குச் சென்றபோது, வணக்கம் கூறுமுன்பே அவர் கேட்டது: "தம்பி, இந்த மாசம் ஏன் பிந்தி வந்தனீங்கள்?"

யாம் பணியாற்றிய காலத்தில் எம்மிடம் அவ்வாறு கணக்குக் கேட்டவர் வேறொருவர் இலர். அரசுகள் திட்டம் வகுக்கும், உலக நிறுவனங்கள் சான்று வழங்கும். அவை இரண்டும் உறங்காதிருக்கச் செய்வது ஊரவர் கேட்கும் அக்கேள்வியே. இன்று எம் கல்லூரியிற் பயிலும் தம்பிமாருள் நாளை மருத்துவராவோரும் அதிகாரிகளாவோரும் பலர் இருப்பர். பாராததைப் பார்த்ததாக எழுதாதிருப்பீர்களாக. பிந்தி வந்தால் ஏன் என்று கேட்கும் மக்கள் உங்களுக்கு வாய்ப்பார்களாக.