குன்றத்தூரிலிருந்து அடையாறு வரை

குன்றத்தூர் என்றதும் தமிழறிந்தோர் நினைவுக்கு வருபவர் சேக்கிழார். பெரிய புராணம் தந்த அப்பெருமகன் பிறந்த ஊர் இது. ஊருக்குப் பெயர் தந்த குன்றின்மேல் முருகன் கோயில் நிற்கிறது. அருகே செம்பரம்பாக்கம் ஏரி பரந்து கிடக்கிறது. ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு இவ்வூர்ச் சாலையோரம் வந்து நிற்பவர் காண்பது வேறோர் ஊரை. திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளின் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இரவு ஷிப்டு முடித்தவர்கள் உறக்கம் அப்பிய கண்களோடு இறங்குவர். பகல் ஷிப்டுக்காரர்கள் சாப்பாட்டுப் பையோடு ஏறுவர். 1990-களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை எழுந்த நாள்முதல் இப்பகுதி வீடுகளின் கடிகாரமே மாறிவிட்டது.

அப்படி இரவு ஷிப்டு முடித்து ஒரு நாள் வீடு திரும்பிய பெண், மொட்டை மாடியில் மற்றத் துணிகளுக்கு அடியில் ஒளித்து உலர்த்தியிருந்த சில துணிகளைக் கண்டாள். அவள் தாய்க்கு வயது 58. மாதவிலக்கு நின்று ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மீண்டும் உதிரப்போக்கு தொடங்கி நான்கு மாதங்களாகியும் அந்த அம்மா ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. "மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் இதை எப்படிச் சொல்வேன், சாமி?" என்று பின்னர் என்னிடம் கேட்டார். அவர்கள் இசைவு பெற்றே இதை எழுதுகிறேன்.

மருத்துவர் ஸ்கேன் எடுத்தார்; கருப்பையின் உட்படலம் தடித்திருந்தது. அதில் சிறிது திசு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வர பத்து நாள் ஆகலாம் என்றார்.

அந்தப் பத்து நாள் அவ்வீடு பட்ட பாடு! தாய், உண்ண ஆளில்லாத அளவுக்குச் சமைத்துக் குவித்தார். தந்தை, இயல்பாகவே பேச்சுக் குறைந்தவர், நன்றாக ஓடிக்கொண்டிருந்த சைக்கிளைக் கழற்றுவதும் மாட்டுவதுமாய் இருந்தார். மகளோ தொழிற்சாலையில் தேநீர் இடைவேளை தோறும் கைப்பேசியில் அந்நோயைப் பற்றித் தேடித் தேடிப் படித்துவிட்டு, வீட்டில் ஒன்றும் அறியாதவள்போல் சிரித்தாள். மூவரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக எண்ணி மூன்று தனித்தீவுகளாயினர்.

முதல் நாள் நான் சென்றபோது, "கவலைப்படாதீர்கள், செபியுங்கள்" என்றேன். முப்பது ஆண்டுகளாக நோயாளிகளின் வீடுகளில் நான் சொல்லிவரும் சொல் அது. அந்த அம்மா "சரி சாமி" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அச்சத்தைச் சொல்ல வந்தவரின் வாயை நானே அடைத்துவிட்டேன் என்பது வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது.

மறுநாள் எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம், பத்து நாள் ஏன் என்று கேட்டேன். எடுத்த திசுவை முதலில் பார்மலின் கரைசலில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். பிறகு நீர்ச்சத்தை நீக்கி, மெழுகில் பதித்துக் கட்டியாக்குகிறார்கள். அக்கட்டியை மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு அளவுக்கு மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயமேற்றி, உருப்பெருக்கியில் பார்க்கிறார்கள். ஐயமிருந்தால் வேறு சாயம் ஏற்றுவர்; இன்னொரு நிபுணரிடமும் காட்டுவர். எனவே தாமதம் என்றாலே கெட்ட செய்தி என்று பொருளில்லை.

ஆறாம் நாள் வேறொரு பரிசோதனைக்காக அவர்கள் அடையாறு செல்ல வேண்டியிருந்தது. எனக்கும் அப்பக்கம் வேலை. மூவரும் பஸ் ஏறினோம். அனகாபுத்தூர் அருகே அடையாற்றுப் பாலம் வந்ததும் அந்த அம்மா தாமாகவே பேசத் தொடங்கினார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவர்கள் இந்த ஆற்றுப்பக்கம்தான் குடியிருந்தார்களாம். "தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகு பயமில்லை சாமி. அரிசியைத் தூக்கினோம், பாயைத் தூக்கினோம், வேலை இருந்தது. வருமோ வராதோ என்று படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோமே, அந்த இரவுதான் கொடுமை. இப்போதும் அதே படிக்கட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன்" என்றார். மகள் தாயின் கையைப் பற்றிக்கொண்டாள். நான் கேட்டறிந்ததை, மெழுகு, சாயம் உட்பட, பம்மல் தாண்டுமுன் சொல்லி முடித்தேன். "பாவம், அவ்வளவு வேலையா!" என்றார் அந்த அம்மா.

கிண்டியைக் கடந்து சர்தார் பட்டேல் சாலையில் புற்றுநோய் மருத்துவமனைப் பலகை தெரிந்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்நிலையம் எழுந்த வரலாற்றைச் சொன்னேன். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பல்லாண்டு போராடி, 1954-ல் வெறும் 12 படுக்கைகளோடு தொடங்கியது அது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021-ல் மறைந்த டாக்டர் சாந்தாவும் வாழ்நாளெல்லாம் அங்கே உழைத்தனர். மாதவிலக்கு நின்றபின் உதிரம் கண்டு மருத்துவரிடம் செல்லும் பெண்கள் நூறு பேரில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கே கருப்பைப் புற்றுநோய் இருக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்பு. மற்றவர்களுக்குப் படலம் மெலிதல், சிறு சதை வளர்ச்சி போன்றவையே காரணம். ஆயினும் அந்த ஒன்பது பேருக்காக எல்லோரும் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். இதையும் மறைக்காமல் சொன்னேன். "அந்த ஒன்பதில் நானிருந்தால்?" என்றார். "தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் அறுவையிலேயே குணமாகும். சென்ற ஆண்டு நம் பங்கிலேயே ஓர் அம்மாவுக்கு அப்படி நடந்தது. ஞாயிறு பூசையில் முன்வரிசையில் நிற்கிறாரே, பார்ப்பதில்லையா?" என்றேன். யாரென்று கேட்டார்; நான் சொல்லவில்லை.

திரும்பும்போது பரங்கிமலையில் இறங்கினோம். 1523-ல் போர்த்துக்கீசியர் கட்டிய மலைக்கோவில் அது. புனித தோமையாரின் மலை என்றே பலரும் அறிவர். கோவிலின் தலைவியோ, பேறுகாலத்தை எதிர்நோக்கியிருக்கும் அன்னை மரியா. டிசம்பர் 18 அவர் திருநாள். மகள் செபமாலையை எடுத்தாள். தாயோ சுவரோரம் அமர்ந்து, பரிசோதனையன்று தாம் பட்ட வலி, கூச்சம், தம் தாய் எப்படி இறந்தார் என்பது, எல்லாவற்றையும் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். செபமாலை அன்று முதல் தேவரகசியத்தைத் தாண்டவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

அன்றிரவு தந்தையும் வந்து உடன் அமர்ந்து அழுதாராம். அதன்பின் சைக்கிள் வாசலில் முழுதாய் நின்றது. எஞ்சிய நாள்கள் எளிதாயின என்று சொல்லமாட்டேன். ஒன்பதாம் இரவு வீட்டில் ஒருவரும் உறங்கவில்லை. ஆனால் மூவரும் ஒரே கூடத்தில் விழித்திருந்தனர்.

பதினோராம் நாள் முடிவு வந்தது. சதை வளர்ச்சிதான், புற்றுநோய் இல்லை. அதை அகற்றியும் விட்டார்கள்.

திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-ஆம் ஆண்டு முதல், பயிற்சி பெற்ற செவிலியர், அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்தே கருப்பை வாய்ப் புற்றுநோயின் முன்நிலையைக் கண்டறிந்தனர். அங்கே அந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது என்று 2007-ல் லான்செட் இதழ் வெளியிட்டது. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 30 வயது கடந்த பெண்களுக்கு அவ்வகைப் பரிசோதனை இலவசமாக நடக்கிறது. சென்ற வாரம் அந்த அம்மா, தெருவில் இரண்டு பெண்களை அழைத்துக்கொண்டு அங்கே போனாராம். ஒருத்தி பாதி வழியில் திரும்பிவிட்டாள். வியாழக்கிழமை மீண்டும் கூட்டிப்போகப் போகிறாராம்.