வாய்விட்டுக் கேட்கும் முன்

எங்கள் சிவகங்கைப் பக்கத்துப் பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு பலகைக் கல்லைப் போட்டிருப்பார்கள். ஏறத்தாழ ஆள் தோள் உயரம் இருக்கும். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் அதை நட்டு வைப்பது வழக்கம். இறக்கி வைக்காமலே போய்விட்ட அவள் சுமை இதனால் இறங்கும் என்று நம்பினார்கள்.

பிள்ளைகளா, அந்தக் கல்லின் உயரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். தலையில் விறகுக் கட்டோ நெல் மூட்டையோ வைத்து நடப்பவருக்கு நடப்பது பாதிக் கஷ்டம்தான். வழியில் இறக்கி வைத்தால் திரும்பத் தூக்கிவிட ஆள் வேண்டுமே, அதுதான் மீதிக் கஷ்டம். ஆளரவமில்லாத உச்சி வெயிலில் யாரைக் கூப்பிடுவது? அதனாலேயே கழுத்து வலித்தாலும் இறக்காமல் நடப்பார்கள். கல் தோள் உயரத்தில் இருந்தால், பக்கத்தில் போய் நின்று தலையைச் சற்றுச் சாய்த்தாலே மூட்டை கல்லுக்குப் போய்விடும். மூச்சு வாங்கிக்கொண்டு, கொஞ்சம் குனிந்து தலையைக் கொடுத்தால் மறுபடி ஏறிக்கொள்ளும். "ஒரு கை பிடிங்க" என்று யாரையும் கெஞ்ச வேண்டாம்.

நான் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவன். ஃபாரம் எழுதத் தெரியாதவர்கள், பணம் வராதா என்று பார்த்து நிற்பவர்கள், கெட்ட சேதியைக் கையில் வாங்கியவர்கள் என்று எத்தனையோ முகங்களைப் பார்த்திருக்கிறேன். கஷ்டப்படுவதைவிட, அந்தக் கஷ்டத்தை இன்னொருவரிடம் போய்ச் சொல்லிக் கேட்பதுதான் மனிதருக்குப் பெரிய பாரம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அந்த ஒரு பாரத்தை மட்டும் நீங்கள் அவர்கள் மேல் ஏற்றாமல் இருந்தால், மீதி உதவி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் போதும்.

நம்முடைய பெரியவர்கள் முப்பத்திரண்டு அறம் என்று ஒரு பட்டியல் சொல்வார்கள். காஞ்சிபுரத்தில் காமாட்சி இருநாழி நெல்லைக் கொண்டு 32 அறங்களையும் செய்தாள் என்பது ஐதீகம். மடம் கட்டுவது, குளம் வெட்டுவது, சோலை வைப்பது எல்லாம் அதில் உண்டு. அதே வரிசையில், அதே மரியாதையோடு, தலைக்கு எண்ணெய் கொடுப்பது, சுண்ணாம்பு கொடுப்பது, காதோலை கொடுப்பது, முகம் பார்க்கக் கண்ணாடி கொடுப்பது எல்லாம் வருகின்றன. மாடு உரசிக்கொள்ள ஆவுரிஞ்சுதறி என்று ஒரு கல்லோ கட்டையோ நட்டு வைப்பதும் ஓர் அறம். மாட்டுக்கு முதுகு அரித்தால் சொறிந்துகொள்ளக் கை கிடையாது, வாய்விட்டுச் சொல்லவும் தெரியாது. மேய்ச்சல் தரையில் நின்று அதைப் பார்த்த யாரோ ஒரு புண்ணியவான் யோசித்திருக்கிறார். கண்ணாடியும் அப்படித்தான். வெயிலிலும் புழுதியிலும் நடந்து வருகிறவருக்கு ஊருக்குள் நுழையும் முன் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் அதை யாரிடம் போய்க் கேட்பார்? பசிக்குச் சோறு என்று கேட்கலாம்; கண்ணாடி வேண்டும் என்று கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்கக் கூசுகிற பொருளையும் பட்டியலில் சேர்த்தவரை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

இப்படி யோசிக்கிற ஒரு மனிதரைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் ஆபீஸில் இருந்த தபால்காரர். முதியோர் பென்ஷனும் வெளியூர் மகன்கள் அனுப்பும் பணமும் மணியார்டரில் வந்த காலம் அது. கைநாட்டு வைத்தவர்கள் மை ஒட்டிய பெருவிரலைத் தலைமயிரில் தேய்த்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் சுவரில். அந்த நாளில் தபால் ஆபீஸ், ரிஜிஸ்தர் ஆபீஸ் சுவர்களில் இடுப்பு உயரத்துக்கு நீலக் கறை படிந்து கிடக்கும். இவர் பையில் மைப்பெட்டியோடு கிழிந்த வேட்டித் துணி ஒன்றையும் வைத்திருப்பார். விரலைப் பிடித்து அழுத்தியதும், பணத்தை எண்ணும் முன்பே துணியை நீட்டுவார். எழுதப் படிக்கத் தெரியாது என்ற அடையாளத்தோடு அந்த அம்மா நாள் முழுக்கத் தெருவில் நடக்க வேண்டியதில்லை.

கடிதம் வாசித்துக் காட்டும்போதும் அப்படியே. முதலில் தான் மட்டும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்வார். நல்ல சேதியானால் திண்ணையில் நின்றே உரக்க வாசிப்பார். கடன், சண்டை, சீக்கு என்றால் வீட்டுக்குள் போய்த் தணிந்த குரலில் சொல்வார். சாவுச் சேதியானால், "வீட்ல வேற யாரும் இல்லையா?" என்று விசாரித்து, துணைக்கு ஆள் வரும்வரை எதையாவது பேசிக்கொண்டு நிற்பார். அந்தத் தெருவில் எந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று டீக்கடையில் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை.

ஒரு பாட்டிக்கு மகனிடமிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றுபோனது. பாட்டி தினமும் வாசலில் நிற்பாள். இவர் நினைத்திருந்தால் சைக்கிளை விரட்டிக்கொண்டு தாண்டிப் போயிருக்கலாம், அதுதான் சுலபம். இவரோ இறங்கி, அவள் வாயைத் திறக்கும் முன்பே, "இன்னைக்கு ஒண்ணும் வரல ஆத்தா. வெயிலு மண்டையப் பொளக்குது, ஒரு செம்பு தண்ணி குடுங்க" என்பார். பாட்டி உள்ளே ஓடிப் பானைத் தண்ணீர் கொண்டுவருவாள். பணம் வந்ததா என்று கேட்டுக் கூனிக் குறுக வேண்டிய கிழவி, தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தவளாக வீட்டுக்குள் போவாள். இதற்கு அவர் செலவழித்தது ஐந்து நிமிடம். நான் படித்த எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு சொல்லிக்கொடுக்கவில்லை.

இதெல்லாம் அந்தக் காலம் என்று நினைக்காதீர்கள். நம் ஜனங்களிடம் இன்றும் நிறைய இருக்கிறது. டவுன் பஸ்ஸில் பின்னாலிருந்து நீட்டிய பணம் கைமாறிக் கைமாறிக் கண்டக்டரிடம் போய், டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே வழியில் திரும்பி வருகிறது. நடுவில் யாரும் யாருக்கும் உறவில்லை. நிற்பவர் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார். சைடு ஸ்டாண்டு எடுக்காமல் போகும் வண்டியைப் பார்த்து எதிரே வருபவர் "ஸ்டாண்டு, ஸ்டாண்டு!" என்று கத்துகிறார். "தங்கச்சி, துப்பட்டா வீல்ல போகுது!" என்று ஒரு குரல் எங்கிருந்தோ வருகிறது. அந்தக் குரல் எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கும்! ரோட்டில் போகும்போது காதில் இருக்கும் இயர்போனைக் கழற்றி வையுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். அடுத்தவரைப் பார்த்துக் கத்த வேண்டிய நேரத்தில் உங்கள் கவனம் ரோட்டில் இருக்க வேண்டும்.

கண் தெரியாதவர் ரோட்டைக் கடக்க நின்றால் பலர் நல்ல மனசோடு ஓடி வந்து, மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறார்கள். பாவம், அவர் பஸ்ஸுக்காகக் கூட நின்றிருக்கலாம். "ரோடு கிராஸ் பண்ணணுமா அண்ணா?" என்று முதலில் கேளுங்கள். கேட்கும் வேலை நம்முடையது, அவருடையது அல்ல. ஆமாம் என்றால் உங்கள் முழங்கையைக் கொடுங்கள். அவர் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார். உங்கள் உடம்பு திரும்புவதை வைத்தே பாதையைப் புரிந்துகொள்வார். படியோ பள்ளமோ வந்தால் சொல்லுங்கள். விட்டுப் போகும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் அவர் காற்றோடு பேசிக்கொண்டு நிற்பார்.

வாங்குபவர் முகம் வாடாமல் கொடுப்பதில் பெரியவர்கள் எப்படி இருந்தார்கள் என்று பாருங்கள். வள்ளலார் 1867 மே 23 அன்று வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாதி என்ன, சமயம் என்ன என்று இலைக்கு முன்னால் யாரும் கேட்பதில்லை. பசி ஒன்றே தகுதி. கோயம்புத்தூர் வடிவேலம்பாளையத்தில் கமலாத்தாள் பாட்டி எண்பது வயதைத் தாண்டியும் விறகடுப்பில் இட்லி வேகவைத்து ஒன்று ஒரு ரூபாய்க்கு விற்றார். சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் டாக்டர் ஜெயச்சந்திரன் இரண்டு ரூபாயும் பிறகு ஐந்து ரூபாயும் வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்த்தார். 2018-ல் அவர் காலமானபோது அந்தப் பேட்டையே தெருவில் வந்து நின்றது. ஒரு ரூபாய், ஐந்து ரூபாய் எதற்கு, சும்மாவே கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். எனக்குத் தோன்றுவது இதுதான்: காசு கொடுத்துச் சாப்பிட்டவர் "இன்னும் ரெண்டு வைங்க பாட்டி" என்று தலை நிமிர்ந்து கேட்கலாம். ஃபீஸ் கொடுத்தவர் டாக்டரிடம் இரண்டாவது தடவையும் சந்தேகம் கேட்கலாம்.

அதனால்தான், பொட்டலத்தை நீட்டிய கையோடு வாங்குபவரையும் சேர்த்துப் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பும் பழக்கம் என் மனதைச் சுடுகிறது. அந்தப் படத்தை அவர் பிள்ளையின் வகுப்புத் தோழன் பார்ப்பான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கணக்குக் காட்ட வேண்டுமென்றால் அரிசி மூட்டையைப் படம் எடுங்கள்.

விபத்து விஷயத்தில் இன்னும் ஒரு பயம் இருக்கிறது: தூக்கிக்கொண்டு போனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்று. அந்தக் காலம் போய்விட்டது. உதவி செய்பவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற விதிமுறைகளை 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். பெயர், விலாசம் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆஸ்பத்திரியில் பணம் கட்டு என்று பிடித்து வைக்கவும் முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் நடக்கிறது. அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் இலவசம். ஆகவே 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை கூட்டத்தை விலக்கி, ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள்.

ரத்தம் கொடுப்பதையும் இதோடு சொல்லிவிடுகிறேன். பெரியாஸ்பத்திரி வராந்தாவில், ஆபரேஷனுக்கு ரத்தம் தேடி ஆள் ஆளுக்கு போன் போட்டுக் கெஞ்சும் தகப்பனைப் பார்த்திருக்கிறீர்களா? 18 வயது ஆகி, 45 கிலோ எடையும் ஆரோக்கியமும் இருந்தால் ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். யாரும் கூப்பிடாத ஒரு சாதாரண நாளில் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்தத் தகப்பன் கெஞ்ச வேண்டியிருக்காது.

துக்க வீட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். பக்கத்து வீடுகளிலிருந்து காபியும் சோறும் வரும், "சாப்பிடுறீங்களா?" என்று யாரும் கேட்பதில்லை, தம்ளரைக் கையில் திணிப்பார்கள். அடுக்குமாடிக்குக் குடிபோன பிறகு இது குறைந்துவிட்டது. இப்போது எல்லோரும் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள்: "எதுவா இருந்தாலும் கூச்சப்படாம சொல்லுங்க." புருஷனைப் பறிகொடுத்தவள் என்ன சொல்வாள்? பாத்ரூமில் தண்ணீர் நின்றுபோனதை யாரிடம் சொல்வாள்? நீங்களே பாருங்கள். வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா, குடிநீர் கேன் இருக்கிறதா, வீட்டுக்காரர்கள் போனில் சார்ஜ் இருக்கிறதா? சின்னப் பிள்ளைகள் சாப்பிட்டார்களா? வெளியூர்க்காரர்கள் வீடு தெரியாமல் தெருமுனையில் முழிக்கிறார்களா? கூட்டத்துக்குள் போய் உட்காருவதைவிட அந்தத் தெருமுனையில் நிற்கும் பையன்தான் அன்றைக்குப் பெரிய மனிதன். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் பஸ் ஏறிய பிறகு ஒருநாள் போங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பேங்க் என்று ஒரு நீண்ட அலைச்சல் அப்போதுதான் தொடங்கும். "நாளைக்கு தாலுகா ஆபீசுக்குப் போறேன் அக்கா, பேப்பரைக் குடுங்க" என்று சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக, உங்களால் மட்டுமே முடிந்த ஒரு வேலை. எங்கள் காலத்தில் கடிதம் வாசிக்கத் தெரியாதவர்கள் தபால்காரர் முகத்தைப் பார்த்தார்கள். இன்று என் வயதுக்காரர்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். எத்தனையோ கணக்குப் பார்த்த மனிதர், பேரனிடம் அதே சந்தேகத்தை மூன்றாவது தடவை கேட்கக் கூசி, தெரிந்த மாதிரித் தலையாட்டிவிட்டுப் போகிறார். போனைப் பிடுங்கி நீங்களே செய்து கொடுக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், அவர் விரலே அழுத்தட்டும்.

மத்திய அரசு, ரயில்வே, தபால் பென்ஷன்காரர்கள் நவம்பர் மாதம் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். பேங்க் வாசலில் வரிசையில் நிற்கும் கிழவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஜீவன் பிரமாண் ஆப்பில் முகத்தைக் காட்டி வீட்டிலிருந்தே முடித்துவிடலாம். ஆதார் எண், பென்ஷன் ஆர்டர் எண், பேங்க் கணக்கு விவரங்களை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஓடிபி வந்தால் அவரே பார்த்து அவரே அடிக்கட்டும். உங்களுக்குச் சொல்ல வேண்டாம், வேறு யாருக்கும் சொல்லக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லுங்கள். முடிந்ததும் வரும் பிரமாண் எண்ணை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி பாஸ்புக்கில் வைத்துக் கொடுங்கள். அடுத்த நவம்பர் பிறந்ததும் அவர் கூப்பிடட்டும் என்று இருக்காதீர்கள். அந்தப் பக்கம் போகிற சாக்கில் ஒரு எட்டு எட்டிப் பார்த்து, "தாத்தா, போனை எடுங்க, சர்டிபிகேட் போட்டுரலாம்" என்று நீங்களே ஆரம்பியுங்கள்.