21 வளைவுகள்

பிரான்சில் இருக்கும் என் மகளும் மாப்பிள்ளையும், தார்ச் சாலையோ காட்டு மலைப்பாதையோ, எந்த சைக்கிள் பந்தயத்துக்கும் சேர்ந்தே போவார்கள். 2022 ஜூலையில் பொதுஜனங்கள் ஓட்டும் ‘எத்தாப் து தூர்’: பிரியான்சோனிலிருந்து ஆல்ப் துயேஸ் வரை 167 கிலோமீட்டர். கடைசி ஏற்றத்தில் 21 கொண்டை ஊசி வளைவுகள். பலகையில் எண்கள் தலைகீழ். அடிவாரத்தில் 21, உச்சியில் 1.

ஏழாவது பலகையருகே மாப்பிள்ளைக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ‘நீ போ’ என்று கையசைத்தாராம். இவளும் போய்விட்டாள்!

“ஏம்மா, கொஞ்சம் நின்னிருக்கக் கூடாதா?” என்று போனில் கேட்டேன்.

“நீங்க எப்பப்பா அம்மாவுக்காக நின்னீங்க?”

வாஸ்தவம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நாற்பது வருஷமாக நான் முன்னே, என் சம்சாரம் பத்தடி பின்னே.

மறுநாள் சாயங்காலம் காந்தி சிலையருகே நின்று திரும்பிப் பார்த்தேன். வேகமாக வந்தவள், “என்னங்க, நெஞ்சு வலிக்குதா?” என்றாள்.