மாதச் சம்பளக்காரர் பந்தயம்

'மும்முனைப் போட்டி' என்றதும் நேயர்களுக்குத் தேர்தல் ஞாபகம் வருவது இயற்கையே. நாம் சொல்லப்போகும் மும்முனைப் போட்டியில் வாக்காளர்கள் இல்லை, பிரசங்கங்களும் இல்லை. கட்டிய பணம் மட்டும், ஜயித்தாலும் தோற்றாலும், திரும்பி வராது. இதில் முதலில் கடலில் நீந்த வேண்டும். கரையேறி, உடம்பில் ஈரம் உலர்வதற்குள் சைக்கிளில் ஏற வேண்டும். சைக்கிளை நிறுத்திவிட்டு ஓட வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றுக்கு மாறும்போது சற்று மூச்சு வாங்கினாலும் கடிகாரம் நமக்காக நிற்பதில்லை. மேனாட்டார் இதற்கு 'டிரையத்லான்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த விளையாட்டுக்கு வயது அதிகமில்லை. 1974-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஸான் டியேகோ நகரத்தில் சிலர் இதைச் சிறிய அளவில் தொடங்கினார்கள். நான்கு வருஷங்களுக்குப் பிறகு, கடற்படை அதிகாரியான ஜான் காலின்ஸும் அவருடைய மனைவி ஜூடியும் ஹவாய்த் தீவில் இதைப் பூதாகாரமாக்கினார்கள். நீச்சல்காரர், சைக்கிள்காரர், ஓட்டக்காரர் ஆகியோரில் யாருடைய தேகம் உறுதியானது என்ற தர்க்கத்தைத் தீர்ப்பதற்காகவே இந்த ஏற்பாடு. 1978 பிப்ரவரியில் அந்தப் போட்டியில் இறங்கியவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிஷம் பிடித்தது. தர்க்கம் தீர்ந்ததோ இல்லையோ, பந்தயம் நிலைத்து விட்டது. 2000-ஆம் வருஷம் ஸிட்னியில் இதன் குறுகிய வடிவம் ஒலிம்பிக்கிலும் இடம் பெற்றது.

ஹவாய்த் தூரம் முழுப் பாரம். அதில் சரிபாதி, அரைப் பாரம். 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். ஆக மொத்தம் 113 கிலோமீட்டர். கோவாவில், பணஜி நகரத்தை ஒட்டிய மிராமர் கடற்கரையில், 2019 முதல் இந்த அரைப் பாரப் பந்தயம் நடக்கிறது. கொள்ளை நோய்க் காலத்தில் இடையே தடைப்பட்டு, 2022-இல் மீண்டும் தொடங்கியது. எட்டரை மணி நேரத்துக்குள் முடித்தால்தான் முடித்ததாகக் கணக்கு. 2024 அக்டோபரில் அங்கே இறங்கியவர்களில் நாமும் ஒருவர்.

நாற்பத்தாறு வயதான ஓர் உபாத்தியாயருக்கு இது எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. நம் வீட்டில் அதை இன்னும் நறுக்கென்று கேட்டார்கள்: "காசு கொடுத்து யாராவது கஷ்டத்தை வாங்கிக்கொள்வார்களா?"

காரணம் ஒரு சிறு காகிதத்தில் இருந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.2 என்று இரத்தப் பரிசோதனை சொல்லிற்று. 5.7 முதல் 6.4 வரை உள்ளவர்கள் வாசற்படியில் நிற்பவர்கள், 6.5 ஆனால் உள்ளே நுழைந்தவர்கள். நம் தகப்பனார் ஐம்பது வயதுக்கு முன்பே அந்த வீட்டில் குடியேறியவர். கடைசிப் பத்து வருஷம் கால் விரலில் ஒரு சிறு புண் வந்தால்கூட வீடு முழுவதும் நடுங்கும். அவருடைய செருப்பைத் தினமும் கவிழ்த்துத் தட்டிப் பார்த்து வைப்பது சிறுவயதில் நமக்கு இடப்பட்ட வேலை. அந்த வேலை நம் பிள்ளைகளுக்கு வர வேண்டாம் என்று தோன்றியது.

வைத்தியர், "நடங்கள்" என்றார். நடந்தோம். இரண்டு வாரம் நடந்தோம். மூன்றாவது வாரம் பரீட்சைத் தாள் திருத்த வேண்டியிருந்தது. நான்காவது வாரம் மழை. கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறித்தால்தான் நம் வீடுகளில் சுவருக்கு வெள்ளையடிக்கிறோம். தேகத்துக்கும் ஒரு தேதி குறித்தால் ஒழிய வேலை நடக்காது என்று தெரிந்துகொண்டு, பத்து மாதத் தவணை வைத்துப் பணத்தைக் கட்டினோம்.

காலை ஐந்தரை மணிக்கு மாநகராட்சி நீச்சல் குளம். பள்ளிக்கூடத்தில் நாம் கை ஓங்கினால் நிற்கும் பையன்கள், குளத்தில் நம்மைத் தாண்டிப் போய், அக்கரையில் காத்திருந்து, "சார், தலையைத் தூக்காதீங்க, கால் தாழ்ந்து போகுது" என்று போதித்தார்கள். இருபது வருஷம் போதித்தவனுக்குப் போதனை கேட்பது நல்ல மருந்து. ஞாயிற்றுக்கிழமைகளில் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரத்துக்குச் சைக்கிள். போய் வந்தால் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். பஸ்களும் லாரிகளும் விழிப்பதற்கு முன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பிவிட வேண்டும். ஓட்டத்துக்குப் பெஸன்ட் நகர் கடற்கரை ஓரம்.

குளத்து நீச்சல் வேறு, கடல் நீச்சல் வேறு. கோவளத்தில் மீனவ இளைஞர் இருவர் பலகையில் கூட வந்து பழக்கினார்கள். உப்பு நீர் குளத்து நீரைவிடச் சற்றுக் கனமானது. ஆகையால் தேகம் சிறிது மேலேயே மிதக்கிறது. அது லாபம். ஆனால் குளத்தின் அடியில் உள்ள கோடு கடலில் கிடையாது. எட்டு வீச்சுக்கு ஒருமுறை கண்ணை உயர்த்தி மிதவையைப் பார்க்காவிட்டால் 1.9 கிலோமீட்டர் 2.5 ஆகிவிடும். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டால் அதை எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலக வேண்டும் என்பது அவர்கள் கற்பித்த முதல் பாடம்.

இந்தப் பத்து மாதத்தில் நமக்கு விளங்கிய முக்கியமான விஷயம், இது பலசாலியின் பந்தயம் அல்ல, மாதச் சம்பளக்காரரின் பந்தயம் என்பதே. எப்படியென்று சொல்கிறோம்.

தசைகளிலும் ஈரலிலும் சர்க்கரைச் சத்து சுமார் 500 கிராம்வரை சேமிப்பில் இருக்கிறது. அது கிட்டத்தட்ட 2000 கலோரி. கைரொக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். ஏழு எட்டு மணி நேரப் பந்தயத்துக்கு ஆகும் செலவோ அதைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாது. மெலிந்த மனிதனிடத்திலும் கொழுப்பு என்னும் பெரும் ஆஸ்தி இருக்கிறது. ஆனால் அது நிலபுலன் மாதிரி, அவசரத்தில் விற்றுக் காசாக்க முடியாது. மெதுவாகப் போகிறவனுக்கு நிலத்து வருமானம் கணிசமாகக் கைகொடுக்கும். வேகமாகப் போகிறவனுக்கு ரொக்கம்தான் கரையும். ரொக்கம் தீர்ந்த இடத்தில் கால் நின்றுவிடும்.

காற்று இன்னொரு கந்துவட்டிக்காரன். சைக்கிளில் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால், காற்றை எதிர்க்கச் செலவாகும் சக்தி மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து மிச்சம் பிடிக்கலாமென்றால், 12 மீட்டர் விலகி வர வேண்டும் என்று விதி. மணிக்கு 60 கிராம் அளவில் மாவுச்சத்து உட்கொண்டு கைரொக்கத்தைச் சிறிது ஈடு செய்யலாம்; நாம் வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் சர்க்கரைத் தண்ணீரும் வைத்துக்கொண்டோம். வேர்வையில் உப்பும் போகிறது. அதை ஈடு செய்யாமல் வெறும் தண்ணீரை வயிறு முட்டக் குடித்தால், இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்து நேரலாம். இருபத்தைந்தாம் தேதி பால்காரருக்கு என்ன சொல்வது என்று ஒன்றாம் தேதியே யோசிக்கும் குடும்பஸ்தர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. இளைஞர்களுக்குத்தான் புதிது.

பந்தயத்தன்று மிராமரில் விடியற்காலை, சைக்கிள்கள் வரிசையாகத் தொங்கிக் கொண்டிருந்தன. பரீட்சை மண்டபத்து வாசலில் பிள்ளைகள் முகத்தில் காணும் அதே வெளுப்பைப் பெரிய உத்தியோகஸ்தர்கள் முகத்திலும் கண்டோம். நீச்சலை 52 நிமிஷத்தில் முடித்தோம். அதற்கு அனுமதித்த நேரம் 1 மணி 10 நிமிஷம். சைக்கிளில் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நேரம் முழுவதும் வாலிபர்கள் விர்விர் என்று நம்மைத் தாண்டிக் கொண்டே இருந்தார்கள். ஒருவர் பரிவுடன், "வாருங்கள், அங்கிள்!" என்றும் அழைத்தார். நாம் நம் வரவு செலவைப் பார்த்துக்கொண்டு போனோம்.

ஓட்டம் தொடங்கும்போது வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி. வேர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை. உலராத வேர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. பத்தாவது கிலோமீட்டருக்குப் பிறகு, காலையில் பறந்து போன வாலிபர்கள் சிலர் இடுப்பில் கை வைத்து நடந்து கொண்டிருந்தார்கள். நம்மை அழைத்த அன்பரும் அவர்களில் ஒருவர். நம்மிடமிருந்த உப்பு மாத்திரையில் ஒன்றை அவருக்குக் கொடுத்தோம். பெருமைப்பட அதிக அவகாசமில்லை. பதினேழாவது கிலோமீட்டரில் நமது ரொக்கமும் தீர்ந்தது. கடைசி நான்கு கிலோமீட்டரை ஒரு விளக்குக் கம்பம் ஓட்டம், ஒரு விளக்குக் கம்பம் நடை என்று தவணை முறையில் அடைத்தோம். அந்த அன்பர் பக்கத்திலேயே வந்தார். மொத்தம் 7 மணி 36 நிமிஷம். கழுத்தில் ஒரு பதக்கம் போட்டார்கள். கையில் கொடுத்த தண்ணீர் அதைவிட உயர்வாக இருந்தது.

ஊர் திரும்பி இரத்தம் பரிசோதித்தோம்: 5.6. வைத்தியர் பந்தயத்தைப் பாராட்டவில்லை. "அந்த ஒருநாள் கூத்து இதைச் செய்யவில்லை, பத்து மாத அப்பியாசம் செய்தது" என்றார். உழைக்கும் தசை, இன்ஸுலினை எதிர்பாராமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளுமாம். ஆகையால் நேயர்கள் யாரும் கடலில் குதிக்க வேண்டியதில்லை. தினம் அரைமணி வேகநடையும் அதே கணக்கில்தான் சேரும். நாற்பது தாண்டியவர்கள் எதைத் தொடங்கினாலும் வைத்தியரிடம் இருதயத்தைக் காட்டிவிட்டுத் தொடங்குவது நலம். ஆனால் ஏதாவது ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பழனிப் பாதயாத்திரையாக இருந்தாலும் சரி, தெருமுனைப் பூங்காவைப் பத்துச் சுற்று சுற்றுவதாக இருந்தாலும் சரி.

அடுத்த வருஷப் பந்தயத்துக்குப் பணம் கட்டுவது சம்பந்தமாக நம் வீட்டில் ஆலோசனை நடந்து வருகிறது. மசோதா இன்னும் நிறைவேறவில்லை. இதற்கிடையில், எதிர்க்கட்சித் தலைவியே நீச்சல் குளத்தில் பெண்களுக்குரிய நேரம் எது என்று விசாரித்திருப்பதாகக் கேள்வி.